நியூயார்க்கு நவீன கலைக் காட்சிச்சாலையும் அதன் விரிவும்

பழகிய மாளிகையொன்று பெரிதாக்கப்பட்டதெனக் கேட்பின் பிறர் மகிழ்வர். அதனுட் சென்று பழகியோர்க்கோ மகிழ்ச்சியோடு சிறிது அச்சமும் உண்டாகும். முன்பு கண்ட ஓவியம் முன்பிருந்த சுவரிலேயே இருக்குமோ, அதன் எதிரே இட்டிருந்த பலகை இருக்குமோ, வாயிலைக் கடந்து இடப்புறம் திரும்பியவுடன் வரும் சிற்றறை உளதோ இலதோ என்று மனம் ஐயுறும். நியூயார்க்கு நகரத்து நவீன கலைக் காட்சிச்சாலை 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் விரிவாக்கப்பட்டுத் திறக்கப்பெற்றபொழுது, அதனை முன்னரே அறிந்தார் பலர்க்கும் இவ்வையமே எழுந்தது. யாம் அதனை 2012-ல் முதன்முறை கண்டோம். நான்கு நாள் விடாது சென்றமையால் அறைகளின் வரிசை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது. 2019 டிசம்பரில் மீண்டும் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அவ்விரு காட்சிகட்கும் இடையே மாறியது யாது, அஃது ஏன் மாறிற்று, அம்மாற்றத்தால் வந்தது யாது, போனது யாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு விளங்கவுரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சாலை தோன்றிய வரலாறு வியப்புடைத்து. அப்பி ஆல்ட்ரிச் ராக்பெல்லர், லில்லி பிளிஸ், மேரி குவின் சல்லிவன் என்னும் பெண்மணிகள் மூவர், தம் காலத்துக் கலைக்கு ஓர் இல்லம் வேண்டுமென முயன்று இதனை நிறுவினர். 1929 அக்டோபர் 29-ல் நியூயார்க்குப் பங்குச்சந்தை வீழ்ந்தது; செல்வர் பலர் ஒரு பகலுக்குள் பொருளிழந்தனர். அதற்கு ஒன்பது நாட்கள் கழித்து, நவம்பர் 7-ஆம் நாள், ஐந்தாம் நெடுந்தெருக் கட்டடம் ஒன்றன் பன்னிரண்டாம் மாடியில், வாடகைக்கெடுத்த அறைகளில் இச்சாலை திறக்கப்பெற்றது. செசான், கோகன், சோரா, வான் கோ ஆகிய நால்வரின் ஓவியங்களே முதற்காட்சி. புதுமைக்கென எழுந்த சாலை, இறந்துபோன நால்வரைக் கொண்டு தன் கதவைத் திறந்தது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். அந்நால்வர் இல்லையேற் பின்வந்த புதுமை இல்லை என்பது அதன் முதல் தலைவர் ஆல்பிரட் பாரின் துணிபு. தலைமையேற்றபொழுது அவருக்கு வயது 27.

ஓவியமும் சிற்பமும் மட்டுமே கலையென்று பார் கருதினாரல்லர். கட்டடக்கலைக்கு 1932-லும், சலனப்படத்திற்கு 1935-லும், நிழற்படத்திற்கு 1940-லும் தனித்தனிப் பகுதிகள் அங்கே ஏற்பட்டன. நாளும் கையாளும் நாற்காலியும் கிண்ணமும் நல்ல வடிவுடையனவாயின், அவை ஓவியத்தோடு ஒரு கூரையின்கீழ் இருக்கத்தக்கன என்பது அந்நாளிற் பெருந்துணிவு. ஆயினும் ஒரு கூரையின்கீழ் வந்த அவை ஓரறையுள் வரவில்லை. ஓவியத்திற்கு ஒரு மாடி, நிழற்படத்திற்கு வேறொரு மூலை, கட்டடப் படிவங்கட்கு மற்றோர் இடம் எனப் பாகஞ்செய்யப்பட்ட குடும்பம்போல் அவை வாழ்ந்தன. பல்லாண்டு நிலைத்த இவ்வழக்கத்தை வாசகர் நினைவிற்கொள்க; 2019-ல் நேர்ந்த மாற்றத்திற்கு இதுவே திறவுகோல்.

நிற்க. ஒரு காட்சிச்சாலை மீண்டும் மீண்டும் விரிவடைய வேண்டுவது ஏன்? பழம்பொருள்கட்கென அமைந்த சாலைக்கு ஒருவாறு எல்லையுண்டு. நவீன கலைக்கென அமைந்த சாலைக்கோ எல்லை இல்லை, என்னை? ‘நவீனம்’ என்பது நாள்தோறும் முன்னேறிச் செல்லும் ஒன்று. இவ்விடர்ப்பாட்டைப் பார் தொடக்கத்திலேயே உணர்ந்தார். 1933-ல் எழுதிய அறிக்கையொன்றில், தம் சாலையின் சேகரத்தை நீருக்குள் பாய்ந்துசெல்லும் டார்ப்பிடோவுக்கு அவர் ஒப்பிட்டார். அதன் மூக்கு, என்றும் முன்னேறும் நிகழ்காலம். அதன் வால், ஐம்பது முதல் நூறாண்டுக்கு முற்பட்டதாய் என்றும் பின்னே நழுவும் இறந்தகாலம். மூக்கு முன்செல்லச் செல்ல வாலும் உடன்செல்லவேண்டும். அஃதாவது, பழமையெய்திய ஓவியங்கள் இச்சாலையை விட்டு நீங்கி, நகரத்துப் பெருஞ்சாலையாகிய மெட்ரோபாலிடன் காட்சிச்சாலையை அடைதல் முறை.

கருத்து அழகியது, நடைமுறையில் நிலைக்கவில்லை. 1947-ல் இரு சாலைகளும் அவ்வாறே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1953-ல் அது கைவிடப்பட்டது. அதன் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. வான் கோ 1889-ல் தீட்டிய ‘விண்மீன் இரவு’ என்னும் ஓவியத்தை 1941-லும், பிக்காசோ 1907-ல் தீட்டிய ‘அவிஞோன் நங்கையர்’ என்னும் ஓவியத்தை 1939-லும் பெற்றுவைத்த ஒரு சாலை, ‘இவை பழமையாயின, இனி எடுத்துச் செல்க’ என்று பிறர்க்கு எங்ஙனம் கொடுக்கும்? அன்றுமுதல் அவ்வீட்டிற்கு வருவாருண்டு, போவார் இலர் என்னும் நிலை ஏற்பட்டது. அத்தகைய வீடு என்செய்யும்? சுவரை இடித்து அகல்வதே வழி.

அகன்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1939-ல் ஐம்பத்துமூன்றாம் தெருவில், பிலிப் குட்வின், எட்வர்ட் ஸ்டோன் என்னும் இருவர் வகுத்த சொந்தக் கட்டடம் எழுந்தது. 1953-ல் பிலிப் ஜான்சன் அதன் பின்புறத்தே சிற்பத் தோட்டம் அமைத்தார். இன்றளவும் அச்சாலையின் மிக இனிய இடம் அதுவே என்பது எம் கருத்து. 1958 ஏப்ரல் 15-ல், குளிர்காற்றுப் பொறி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கையில் தீப்பற்றியது. தொழிலாளி ஒருவர் மாண்டார். மோனே தீட்டிய பெரிய ‘நீரல்லி’ ஓவியம் எரிந்துபோயிற்று. சிகாகோ நகரத்திலிருந்து இரவலாக வந்திருந்த சோராவின் பேரோவியத்தைப் பணியாளர் அரும்பாடுபட்டு வெளியேற்றிக் காத்தனர். அதன்பின் சிகாகோவார் அவ்வோவியத்தை வேறெங்கும் அனுப்புவதில்லை. மறுவருடம் மோனேயின் வேறொரு ‘நீரல்லி’ ஓவியம், மூன்று பலகைகளாய் ஏறக்குறைய 42 அடி நீளமுள்ளது, வாங்கப்பெற்றது. 1964-ல் ஜான்சன் கீழ்ப்புறத்தே ஒரு பகுதி சேர்த்தார். 1984-ல் சீசர் பெல்லி காட்சியிடத்தை இருமடங்காக்கினார். 2004-ல் ஜப்பானியக் கட்டடச் சிற்பி யோஷியோ தானிகுச்சி ஏறத்தாழ முழுச்சாலையையும் புதிதாக வகுத்தார்.

இவ்வளவிற்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று மாணவர் வினவலாம். செல்வர் நன்கொடை ஒருபுறம் இருக்க, நியூயார்க்கில் நிலத்திற்கேயன்றி நிலத்தின்மேலுள்ள வானத்திற்கும் விலையுண்டு. தன் மனைமேல் இத்துணை உயரம் எழுப்பலாம் என்னும் உரிமையை ஒருவர் பிறர்க்கு விற்றுவிடலாம். 1984-ன் விரிவோடு சாலையின் தலைமேல் குடியிருப்புக் கோபுரம் ஒன்று எழுந்தது இவ்வகையினாலேயே. 2007-ல் தன் மேற்புறத்து மனையை இச்சாலை 12 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியோர் அங்கே பிரெஞ்சுக் கட்டடச் சிற்பி ழான் நூவெல் வகுத்தபடி 1,050 அடி உயரமான கோபுரம் எழுப்பினர். அதன் அடிமாடிகள் சிலவற்றிற் காட்சிச்சாலைக்கு அறைகள் ஒதுக்கப்பட்டன. மேலே செல்வர் உறங்க, கீழே பிக்காசோவும் மத்தீஸும் விழித்திருக்கின்றனர் என்று நகைச்சுவையாகக் கூறலாம். ஆனால் இவ்வாணிகம் இல்லையேல் அவ்வறைகளும் இல்லை.

இனி 2012-ல் யாம் கண்ட சாலையைக் கூறுவோம். தானிகுச்சியின் கட்டடம் அடக்கமானது. வெண்சுவர், கருங்கல், கண்ணாடி; அலங்காரம் என்பதே இல்லை. நடுவே 110 அடி உயரமான வெற்றிடம் ஒன்றுண்டு. 2004-ல் திறக்கப்பெற்றபொழுது மோனேயின் நீரல்லிகளை அங்கே மாட்டினர். 42 அடி நீள ஓவியமும் அவ்விடத்தே ஓர் அஞ்சலட்டைபோற் சிறுத்துவிட்டதெனப் பலர் குறைகூறினர். ஐந்தாம் மாடியிலோ எவர்க்கும் குறையில்லை. முதலறையிற் செசானும் வான் கோவும். அடுத்த அறையிற் பிக்காசோவின் நங்கையர். அங்கிருந்து கியூபிசம், மத்தீஸ், எதிர்காலவாதம், ரஷியப் புதுமையாளர், மோந்திரியான், கனவியல்வாதம் என ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் செல்லும். அதன் கீழ்மாடியில் ஜாக்சன் போலக் முதலிய நியூயார்க்கு ஓவியர். பாரிசிற் பிறந்த புதுமை, போருக்குப்பின் கடல்கடந்து நியூயார்க்கை அடைந்தது என்னும் கதையை அறைகளே கூறும். கால்கள் நடக்க, கல்வி தானே வரும். கலைவரலாறு பயிலாதார்க்கும் விளங்கும் தெளிவு அதற்கிருந்தது. அத்தெளிவே எம்மை அச்சாலையின்பால் ஈர்த்தது.

அத்தெளிவிற்கு ஒரு விலையுமுண்டு. கதை நேராகச் செல்லவேண்டுமாயின், அதன் வழியில் நில்லாதார் வெளியே நிற்கவேண்டும். பெண்பாலார் சிலரே அவ்வரிசையில் இடம்பெற்றனர். கறுப்பினத்தார் அதனினும் சிலர். இலத்தீன் அமெரிக்காவும் ஆசியாவும் ஓரத்தே தோன்றி மறைந்தன. அவர்களுடைய படைப்புக்கள் சேகரத்தில் இல்லாமலில்லை. நம் நாட்டு ஓவியர் கைதொண்டே 1962-ல் தீட்டிய ஓவியமொன்று 1963 முதற்கொண்டே அங்குளது. 1955-ல் இந்திய நெசவும் அணிகலனும் பற்றிய பெருங்காட்சியொன்றை இச்சாலை நடத்திற்று. அதனையொட்டி அலி அக்பர் கான் சரோட் வாசித்தார், சாந்தா ராவ் நடனமாடினார், மே 3-ஆம் நாள் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ உலகிலேயே முதன்முறையாகத் திரையிடப்பெற்றது. ஆயின் விருந்தினராய் வந்து செல்லுதல் வேறு. வீட்டுக் கதையில் ஓர் அத்தியாயமாதல் வேறு. சேகரத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பொருள்கள் உள. அவற்றுட் சுவரேறுவன மிகச் சில. எவை ஏறுவன என்பதைத் தீர்மானிப்பதே அச்சாலையின் உண்மையான அதிகாரம்.

2019-ன் விரிவிற்கு வருமுன் அதன் கறுத்த பக்கம் ஒன்றையும் சொல்லிவிடல் முறை. சாலைக்கும் புதிய கோபுரத்திற்கும் இடையே, 40 அடி அகலமேயுள்ள ஒரு மனையில், அமெரிக்க நாட்டுப்புறக் கலைக் காட்சிச்சாலை இருந்தது. டாட் வில்லியம்ஸ், பில்லி சியன் என்னும் கட்டடச் சிற்பியர் வகுத்த அக்கட்டடம் 2001-ல் திறக்கப்பெற்றது. வெண்கலக் கலவையால் வார்த்த 63 தகடுகள் அதன் முகப்பு. மழையும் வெயிலும் பட்டு அவை நிறம் மாறிக்கொண்டிருந்தன. அச்சிறு சாலை கடன் தீர்க்கவியலாது இடர்ப்பட்டு, 2011-ல் தன் கட்டடத்தை அண்டைவீட்டுப் பெருஞ்சாலைக்கே விற்றது. 2013-ல் அதனை இடிக்கப்போவதாகச் செய்தி வந்ததும் கட்டடக்கலைஞர் பலர் எதிர்த்தனர். பெருஞ்சாலையார், தில்லர், ஸ்கோஃபிடியோ, ரென்ஃப்ரோ என்னும் மூவர் பெயர்தாங்கிய கட்டடக்கலைக் குழுவினரை அழைத்து, காக்கும் வழியுண்டோ என ஆராயச் செய்தனர். மாடிகளின் மட்டம் ஒவ்வாது, இணைப்பின் அக்கட்டடத்தின் இயல்பே அழியும் என்பது அவர்தம் முடிவு. 2014-ல் அஃது இடிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டும் நிரம்பாத கட்டடம்! கட்டடக்கலைக்கென உலகிலேயே முதன்முதலில் தனிப்பகுதி கண்ட சாலைகளுள் ஒன்று, தன் பக்கத்திலிருந்த நல்ல கட்டடத்திற்கு இதனைச் செய்தது. 2012-ல் அத்தகடுகளின் முன்னே யாம் நின்றதுண்டு. 2019-ல் அவ்விடத்தே தெளிந்த கண்ணாடியும் ஒளிமிக்க அறைகளும் உள. அவை பயனுள்ளவை, யாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வறைகளைக் கடக்குந்தோறும் அத்தகடுகள் நினைவில் வந்தன.

அதே குழுவினரே, கென்ஸ்லர் என்னும் நிறுவனத்தோடு சேர்ந்து, புதிய விரிவையும் வகுத்தனர். செலவு ஏறத்தாழ 45 கோடி டாலர். 2019 ஜூன் மாதம் சாலை மூடப்பட்டது. நான்கு மாதங் கழித்துத் திறக்கப்பட்டது. காட்சியிடம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெருகி 1,65,000 சதுர அடியாயிற்று. கட்டடத்தைப் பொறுத்தவரை வியக்கத்தக்கது அதிகமில்லை. தானிகுச்சியின் பகுதி எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்பது எளிதிற் புலப்படாது. மெல்லிய படிக்கட்டு ஒன்று அழகாக எழுகின்றது. தெருவோடொட்டிய கீழறைகளுக்குக் கட்டணம் இல்லை. இது மிக நல்ல ஏற்பாடு. மேலே செல்ல அப்பொழுது 25 டாலர். 2023-ல் அஃது 30 ஆயிற்று. 2004-க்கு முன் 12 டாலரே கொடுத்துச் சென்றவர் இன்னும் முணுமுணுக்கின்றனர்.

உண்மையான விரிவு சுவர்களில் இல்லை, அடுக்கில் உளது. மாடிகள் காலமுறையிலேயே நிற்கின்றன: ஐந்தாவதில் 1880-கள் முதல் 1940-கள் வரை, நான்காவதில் 1970-கள் வரை, இரண்டாவதில் அதன்பின். ஆனால் ஒவ்வோர் அறையுள்ளும் பழைய பாகப்பிரிவினை நீங்கிவிட்டது. ஓவியத்தின் அருகே நிழற்படம், நிழற்படத்தின் அருகே ஓடும் சலனப்படம், அதனருகே நாற்காலி அல்லது கட்டடப் படிவம். கியூபிசம் முதலிய கட்சிப் பெயர்களும் பின்வாங்கின. ஓர் ஊரோ, ஓர் ஆண்டோ, ஒரு கருத்தோ அறைக்குத் தலைப்பாயிற்று.

தொகை நூல் பயின்ற நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். செய்யுள் ஒன்றே, அதன் முன்னும் பின்னும் எச்செய்யுள் நிற்கின்றது என்பது தொகுத்தாரின் மொழியாத உரை. அண்டை மாறின் பொருளும் சிறிது மாறும். முதலறையில் வான் கோவின் ‘விண்மீன் இரவு’ இருந்தது. அதன் முன்னே வழக்கம்போற் பெருங்கூட்டம்; கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிப்போரின் தலைகட்கிடையே, இரண்டரை அடி உயரமும் மூன்றடி அகலமுமே கொண்ட அவ்வோவியத்தை எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. அதே அறையிற் சில மட்பாண்டங்கள். மிசிசிப்பி நாட்டுப் பிலாக்சி என்னும் ஊரில் வாழ்ந்த ஜார்ஜ் ஓர் என்னும் குயவர் வனைந்தவை. ‘பித்தக் குயவர்’ என்று பெயர்பெற்றவர் அவர். தாள்போல் மெலிந்த சுவரை ஈரம் உலருமுன் முறுக்கியும் மடித்தும் கசக்கியும் விட்டிருக்கின்றார். வான் கோ 1853-ல் பிறந்தார், ஓர் 1857-ல். இருவரும் வெவ்வேறு கண்டத்தில் உழைத்தவர். வானம் சுழல்கின்றது அங்கே. களிமண் சுழல்கின்றது இங்கே. பாண்டங்களின் முன் ஒருவரும் இலர். யாம் அமைதியாக நெடுநேரம் நின்றோம். புதிய அடுக்கின் சிறந்த செயல் இதுவெனத் துணிந்து கூறுவோம்.

மிகுந்த வாதத்திற்கு இடமாயது பிக்காசோவின் அறை. ‘அவிஞோன் நங்கையர்’ எட்டடி உயரமான ஓவியம். ஐந்து பெண்கள், அவர்தம் மேனி கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்திருக்கும், இருவர் முகம் ஆப்பிரிக்க முகமூடியை ஒத்திருக்கும். இதனைச் சூழப் பிக்காசோவின் பிற படைப்புக்களும், லூயிஸ் பூர்ஷுவா அம்மையார் மரத்தாற் செய்து நிறுத்திய உருவங்களும் இருந்தன. இவற்றோடு அமெரிக்கக் கறுப்பினத்து ஓவியர் பெயித் ரிங்கோல்ட் அம்மையார் 1967-ல் தீட்டிய ஆறடி உயரமும் பன்னிரண்டடி அகலமுமான ஓவியமும் மாட்டப்பெற்றிருந்தது. அவ்வாண்டுக் கோடையில் அமெரிக்க நகரங்கள் இனக்கலவரத்தால் எரிந்தன. ஓவியத்தில் நன்காடையணிந்த கறுப்பரும் வெள்ளையரும் குருதி தெறிக்க ஓடுகின்றனர், வீழ்கின்றனர். நடுவே கறுப்புக் குழந்தை ஒன்றும் வெள்ளைக் குழந்தை ஒன்றும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒடுங்கியிருக்கின்றன. 1907-க்கும் 1967-க்கும் அறுபதாண்டு இடைவெளி. காலமுறையைக் காக்கும் மாடியில் இக்குதிப்பு ஏன் என்று சிலர் சினந்தனர்.

அதன் விடை அச்சாலையின் வரலாற்றிலேயே உளது. பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ என்னும் போர் ஓவியம், ஸ்பெயின் நாட்டில் மக்களாட்சி மீளும்வரை, 1939 முதல் 1981 வரை இச்சாலையின் பாதுகாப்பில் இருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1930-ல் பிறந்த ரிங்கோல்ட் இளமையில் இங்குவந்து அதனை ஊன்றிக் கண்டவர். 1967-ல் தம் ஊர்க் கொலைகளை வரையப் புகுந்தபொழுது, அவருக்கு ஆசானாய் நின்றது அவ்வோவியமே. இரண்டாண்டு கழித்து, கறுப்பினக் கலைஞர்க்கும் போர்ட்டோ ரிக்கோ கலைஞர்க்கும் இச்சாலையில் ஒரு பகுதி ஒதுக்கவேண்டுமெனக் கிளர்ச்சி செய்தோருள் அவரும் ஒருவர். அப்பகுதி எழவில்லை. அவருடைய ஓவியத்தை இச்சாலை பெற்றது 2016-ல். 2019-ல் அது பிக்காசோவின் அறையுட் புகுந்தபொழுது அவருக்கு வயது 89. 2024-ல் அவர் மறைந்தார். உள்ளே நின்று கற்று, வெளியே நின்று வாதாடி, அரை நூற்றாண்டு காத்திருந்து, கற்பித்தவனின் எதிர்ச்சுவரை அடைந்த ஒருவர் கதை இது. அறையின் எழுத்துப்பலகை இவ்வளவும் கூறாது. ஆயினும் இரு ஓவியங்களும் தம்முட் பேசிக்கொள்வதை எவரும் உணரலாம்.

2012-ன் வரிசையில் நங்கையர் ஓவியம் கியூபிசத்திற்கு ஏறும் முதற்படியாய் நின்றது. காண்போர் ஒரு கணம் நின்று அடுத்த படிக்குச் சென்றனர். ரிங்கோல்டின் குருதி எதிரே தெறிக்க நின்றபொழுது, அது படியாக நிற்கவில்லை. அப்பெண்களின் விழிகளிலுள்ள அச்சமும் அவர்கள்மேற் பாய்ந்த தூரிகையின் கொடுமையும் முன்வந்தன. வரலாற்றுப் பாடம் சிறிது குறைந்தது, ஓவியம் மிகுந்தது. இம்மாற்றம் தகும் என்பதே எம் கருத்து.

எல்லாச் சேர்க்கையும் இவ்வாறு தகுவனவல்ல. மத்தீஸின் அறையில் ஆல்மா தாமஸ் அம்மையார் 1973-ல் தீட்டிய ‘எரியும் அந்தி’ என்னும் ஓவியம் வைக்கப்பெற்றது. வாஷிங்டன் நகரத்தில் முப்பத்தைந்தாண்டு பள்ளியாசிரியராய் உழைத்து, ஓய்வுபெற்றபின் முழுநேர ஓவியரான அவ்வம்மையாரின் பெருமை எமக்கு உடன்பாடே. ஆனால் இங்கே அவர் மத்தீஸின் மாணவிபோல், சிவப்புக்குச் சிவப்பு ஒத்திருத்தலால் அழைக்கப்பட்டவர்போல் தோன்றினார். தனிச்சுவரில் தம் தோழரோடு நின்றிருப்பின் அவர்க்கு மதிப்பு மிகுந்திருக்கும். விருந்திற்கு அழைத்து மூலையில் அமர்த்துவதுபோன்ற மரியாதை இது. இத்தகைய இடங்கள் வேறு சிலவும் கண்டோம்.

போனது யாது என்பதையும் மறைத்தலாகாது. பழைய நேர்வழி போயிற்று. 2012-ல் ஒருவர் காலையிற் புகுந்து மாலைக்குள் ஒரு முழுக்கதையோடு வெளிவரலாம். இப்பொழுது அறைகள் பல வழியாகத் திறக்கின்றன, எவ்வழி செல்லினும் ஏதோ விடுபடுகின்றது. கால்கள் தளர்கின்றன. கலையை முதன்முறை காணவரும் இளைஞர்க்குப் பழைய வரிசை அளித்த துணையைப் புதியது அளிக்கவில்லை என்பது எம் அச்சம். விடுபட்டோர்க்கு நீதி வேண்டுமெனின் தெளிவிற் சிறிது இழத்தல் வேண்டும் போலும். நீரல்லிகள் மட்டும் பழைய அன்பர்க்கு முழு ஆறுதல் அளித்தன: ஐந்தாம் மாடியில் அவற்றிற்கெனத் தனியறை, தாழ்ந்த கூரை, அமைதி. 2004-ன் குறை தீர்ந்தது.

மற்றொரு மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. அடுக்கு நிலையானதன்று, அறைகளை இடைவிடாது முறைமுறையே மாற்றி, கிடங்கிலுள்ள பொருள்கட்கும் சுவரேறும் வாய்ப்பளிப்பதெனச் சாலையார் முடிவுசெய்தனர். திறப்பு விழாக் காட்சிகளுள் நம் நாட்டு நிழற்படக் கலைஞர் தயானிதா சிங் அம்மையாரின் படைப்பொன்றும் இருந்தது. மடித்து விரிக்கத்தக்க மரச்சட்டங்களில் அவருடைய நிழற்படங்கள் செருகப்பெற்றிருக்கும். வேண்டும்பொழுது படங்களை எடுத்து இடம் மாற்றலாம். தாமே ஒரு சிறு காட்சிச்சாலையைச் செய்து, அதற்குத் ‘தற்செயற் காட்சிச்சாலை’ என்னும் பொருள்படப் பெயருமிட்டார். பெருஞ்சாலை 45 கோடி டாலர் செலவிட்டுச் செய்ய முயல்வதை அவர் சில மரச்சட்டங்களாற் செய்துகாட்டினார் என்று எண்ணி மகிழ்ந்தோம்.

திறந்து ஐந்து மாதம் நிரம்புமுன், 2020 மார்ச்சில், பெருந்தொற்றினாற் சாலை மூடப்பட்டது; ஆகஸ்டு 27-ல் மீண்டும் திறந்தது. அதற்குப்பின் அறைகள் பலமுறை மாறிவிட்டன. யாம் மேலே கூறிய சேர்க்கைகள் 2019-ல் இருந்தவை. ரிங்கோல்டின் ஓவியமும் பின்னர்ப் பல ஊர்க் காட்சிகட்குச் சென்றது. ஆதலின் நம் மாணவர் எவரேனும் மேற்படிப்பின் பொருட்டோ உறவினரைக் காணவோ அந்நகரம் செல்வாராயின், இக்கட்டுரையை வழிகாட்டியாகக் கொண்டு அறை அறையாய்த் தேடற்க. வாரக்கடைசியிற் கூட்டம் மிகுதி. வேறொரு நாள் காலையிலேயே செல்க. மின்னேணியில் நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறுக. கூட்டம் திரண்டிருக்கும் ஓவியத்தை முதலிற் காணாது, அதன் அருகே ஒருவரும் நில்லாத பொருள் யாதெனப் பார்க்க. கால் தளர்ந்தபின் சிற்பத் தோட்டத்திற்கு இறங்குக. அங்கே நீரும் மரமும் அமர இடமும் உள.